ஜாமீன் வைத்துவிட்டுப் பேசட்டும்!



பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரை உங்களுக்குத் தெரியும். இரண்டு ஜரிகைப் புடவைக்கு ஒரு குடம் என்பார் அவர். கூட ஒரு டபராவும் வேண்டும் என்போம் நாம். அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். அந்தப் பேரத்தில் நாம் ஏமாறுவதும் உண்டு. ஆனாலும் அதில் ஒரு தைரியம் இருக்கிறது. அவருடைய கூடை நம் வாசற்படியில் இருக்கிறது. குடத்தில் ஓட்டை இருந்தால், மறு வாரம் அதே தெருவுக்கு அவர் வந்துதானே ஆகவேண்டும்? அப்போது நாம் மட்டுமா, எதிர் வீட்டு மாமியும் மாடி வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டு அவரை ஒரு வழி பண்ணிவிட மாட்டார்களா?

டெலிபோனில் வியாபாரம் பேசுகிறவருக்குக் கூடையும் இல்லை, தெருவும் இல்லை. எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறார் என்பது தெரியாது. சொன்ன பெயர் பெற்றோர் வைத்த பெயர்தானா என்பதும் தெரியாது. "மேடம், உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்" என்று ஆரம்பிக்கிறார். அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருக்கும். நாம் ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு மறு காதால் கேட்போம். பத்து நிமிஷத்தில் ஐயாயிரமோ ஐம்பதாயிரமோ கை மாறிவிடுகிறது. பிறகு அதே நம்பருக்குக் கூப்பிட்டால் மணிகூட அடிப்பதில்லை.

இப்படிப் போகிறது சும்மா கிடந்த பணம் அல்ல. மாமியாரின் பென்ஷனாக இருக்கும். பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று ஒதுக்கி வைத்ததாக இருக்கும். அல்லது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மளிகைக் கணக்கில் மிச்சம் பிடித்து நாம் சேர்த்ததாக இருக்கும். கடைசியில் சொன்ன பணமென்றால் கஷ்டம் இரட்டிப்பு. போனதை வாய்விட்டுச் சொல்லி அழவும் முடியாது.

"ஜாக்கிரதையாக இருங்கள், ஜாக்கிரதையாக இருங்கள்" என்று நம்மிடம் எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ரேடியோவில் சொல்கிறார்கள், பாங்கில் சொல்கிறார்கள், டெலிபோனை எடுத்தால் மணி அடிப்பதற்கு முன்னால்கூடச் சொன்னார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் ஜாக்கிரதை முழுவதையும் வாங்குகிறவள் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்? விற்கிறவனும் கொஞ்சம் சுமக்கட்டுமே! நம்மிடம் பணம் கேட்பதற்கு முன்னால் அவன் தன் பணத்தை நமக்கு எட்டுகிற இடத்தில் வைக்கட்டும். அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

டெலிபோன் வியாபாரம் அந்தத் தேசத்தில் நமக்கு வெகு காலம் முன்பே பெருகிவிட்டது. மோசடியும் கூடவே பெருகியது. இதனால் ஜனங்கள் வருஷத்துக்கு 4,000 கோடி டாலர் இழப்பதாக மதிப்பிடப்படுகிறது என்று 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தின் முகப்பிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் எழுதி வைத்தது. வாங்குகிறவரை நேரில் பார்க்காமலே இந்த வியாபாரம் நடக்கிறது, வியாபாரிகள் ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்குச் சுலபமாக இடம் மாறிவிடுகிறார்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. நான் கூடை இல்லை என்று சொன்னதைத்தான் அவர்கள் சட்ட பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் குறி வைக்கப்பட்டவர்கள் வயதானவர்கள். அதிலும் தனியாக இருப்பவர்கள். "உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முன்னால் அனுப்புங்கள்" என்பது ஒரு வழக்கமான பாட்டு. ஒரு தடவை ஏமாந்தவரின் பெயர் ஒரு ஜாபிதாவில் ஏறிவிடும். அந்த ஜாபிதாவை மோசக்காரர்கள் தங்களுக்குள்ளேயே விலைக்கு விற்று வாங்கினார்கள். ஏமாந்த வீட்டில் இன்னொரு தடவை ஏமாற்றுவது சுலபம் என்பது அவர்கள் கணக்கு. 1995 டிசம்பரில் எப்.பி.ஐ. போலீஸார் இந்தக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அதற்கு ஒத்தாசை செய்தவர்கள் யார் தெரியுமா? ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள்! தொண்டர்களாக முன்வந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல டெலிபோனில் பேசி, எதிராளியின் பேச்சையெல்லாம் டேப்பில் பிடித்துக் கொடுத்தார்கள். நம் பாட்டிமாருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தால் இதைவிட நன்றாகவே செய்வார்கள்.

குற்றவாளியைப் பிடித்துச் சிறையில் போட்டாயிற்று. பணம்? அது அவன் கைக்கு வந்த அன்றே செலவாகிப் போயிருக்கும். அவனுடைய கம்பெனி என்பதே வாடகைக்கு எடுத்த ஓர் அறையும் பத்து டெலிபோன்களும்தான். ஜப்தி செய்யப் போனால் நாற்காலிகூடச் சொந்தமாக இராது. ஆகையால் சில ராஜ்யங்கள் காரியத்தை முன்பக்கத்திலிருந்து தொடங்கின.

ப்ளோரிடா ராஜ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் அங்கே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. டெலிபோனில் விற்க நினைக்கிறவர் வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்கவேண்டும். லைசென்ஸ் கொடுப்பது விவசாய, நுகர்வோர் நல இலாகா. ஆரஞ்சுத் தோட்டத்துக்கும் டெலிபோனுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள், அங்கே அப்படித்தான். மனுச் செய்கிறவர் தம் மேல் முன்பு மோசடி வழக்கு ஏதாவது தீர்ப்பானதுண்டா என்று சொல்லவேண்டும். டெலிபோனில் பேசப் போகிற வசனத்தை எழுதியும் கொடுக்கவேண்டும். நம் ஊரில் நாடகம் போடுகிறவர்கள் வசனத்தைப் போலீஸில் காட்டி அனுமதி வாங்கிய காலம் ஒன்று உண்டு. இதுவும் ஒரு நாடகம்தானே!

இவற்றோடு 50,000 டாலருக்கு ஈடு காட்டவேண்டும். அதை மூன்று விதமாகக் காட்டலாம். பாங்கில் அந்தத் தொகையை டெபாசிட் செய்து ரசீதை இலாகாவின் பெயருக்கு ஒப்படைக்கலாம். அல்லது, கேட்டால் பணம் தருகிறோம் என்று பாங்கு எழுதிக் கொடுக்கிற, நடுவில் ரத்து செய்ய முடியாத கடிதம் ஒன்றைக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஜாமீன் கம்பெனியிடம் பத்திரம் வாங்கிக் கொடுக்கலாம். அந்த வியாபாரி மோசம் செய்தாலோ, பொய் சொல்லி விற்றாலோ, சொன்ன சாமானை அனுப்பாமல் விட்டாலோ, திவாலாகிப் போனாலோகூட, பணம் கொடுத்தவர் அந்த ஈட்டிலிருந்து தம் நஷ்டத்தைக் கேட்கலாம்.

மூன்றாவது வழியைப் பற்றி ஒரு வார்த்தை. இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் என்றால் பிரீமியம் கட்டியவருக்குப் பாதுகாப்பு. இங்கே கட்டுகிறவர் வியாபாரி, பாதுகாப்பு உங்களுக்கு. ஜாமீன் கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததைப் பிறகு அவரிடமிருந்து கறந்துவிடும். அதற்கு முதலிலேயே கையெழுத்து வாங்கி வைத்திருக்கும். அதனால், எவரோ ஒருவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு ஜாமீன் போடாது. நாம் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளை வீட்டைப் பற்றித் தெருக்கோடி வரையில் விசாரிக்கிறோம் அல்லவா? அந்த மாதிரி அவருடைய கணக்கு, கடன், பழைய நடத்தை எல்லாவற்றையும் துருவிப் பார்க்கும். ஒழுங்கான மனிதராகத் தோன்றினால் ஈட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரையில் வருஷக் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரம் கொடுக்கும். அதாவது 50,000 டாலர் ஈட்டுக்கு 500 டாலரிலிருந்து 2,500 டாலர். சந்தேகமான பேர்வழியென்றால் கட்டணம் ஏறும், அல்லது கதவைச் சாத்திவிடும். சர்க்கார் உத்தியோகஸ்தர் நூறு பேரைப் போட்டுச் செய்யவேண்டிய விசாரணையை, தன் பணம் போய்விடுமே என்ற பயத்தில் ஒரு கம்பெனி தானாகவே செய்துவிடுகிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த அம்சம் இதுதான்.

அதே சட்டத்தில் இன்னொரு ஷரத்தும் நம் போன்றவர்களுக்கு ஏற்றது. முகம் தெரியாதவரிடம்கூட "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. "சரி, பார்க்கலாம்" என்போம். அந்தச் "சரி"யையே பிடித்துக்கொண்டு பில் அனுப்பிவிடுவார்கள். ப்ளோரிடாவில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, டெலிபோனில் சொன்ன "சரி" செல்லாது. ஒப்பந்தம் எழுத்தில் வரவேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். அதுவரையில் உங்கள் கிரெடிட் கார்டில் அவர்கள் கை வைக்கக்கூடாது.

ஈட்டுத் தொகை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. டெக்ஸாஸில் 10,000 டாலர்தான். நியூயார்க்கில் 25,000. ஒஹையோவிலும் பென்ஸில்வேனியாவிலும் ப்ளோரிடாவைப் போல 50,000. கலிபோர்னியாவில் ஒரு லட்சம் டாலர். ஈடு என்ற பேச்சே இல்லாத ராஜ்யங்களும் உண்டு. தேசம் முழுவதற்குமான மத்தியச் சட்டம் பல நல்ல கட்டுப்பாடுகளைப் போட்டதே தவிர, ஜாமீன் கேட்கவில்லை. டெக்ஸாஸ்காரர்கள் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பி விற்கிறவர்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தொகை என்னவோ அதே பத்தாயிரம்தான்; ஒரு நல்ல சோபா செட்டுக்கும் ஒரு பிரிட்ஜுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்து போகும்.

இதைக் கேட்டு, "அடடா, அமெரிக்காவில் ஏமாந்தால் பணம் திரும்பி வந்துவிடும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 50,000 டாலர் என்பது ஓர் ஆளுக்கு அல்ல, ஏமாந்த எல்லோருக்கும் சேர்த்து. ஆயிரம் பேரிடம் ஆளுக்கு 400 டாலர் வாங்கிக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நஷ்டம் 4 லட்சம் டாலர். ஈட்டைப் பங்கு போட்டால் ஆளுக்கு 50 டாலர் வரும். எட்டில் ஒரு பங்கு! மேலும் பாங்குகள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், பங்குத் தரகர்கள், தர்ம ஸ்தாபனங்கள் இப்படிப் பலருக்கு விலக்கு உண்டு. வேறு இலாகாவில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்களே என்பது காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, அசல் திருடன் லைசென்ஸுக்கே போகமாட்டான் என்பது. 2016 அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் போலீஸார் சில கட்டடங்களுக்குள் புகுந்து எழுநூறுக்கு மேற்பட்ட இளைஞர்களையும் பெண்களையும் பிடித்து விசாரித்தார்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, அமெரிக்க வருமான வரி அதிகாரிகள் என்று சொல்லி, கடல் தாண்டியிருந்த மனிதர்களை டெலிபோனில் மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எந்த ராஜ்யம் ஜாமீன் கேட்க முடியும்? அவர்கள் பேச்சுக்கு ஆளான அமெரிக்கப் பாட்டி ஒருத்திக்கும் நம் தெருப் பாட்டிக்கும் துக்கத்தில் வித்தியாசம் என்ன?

ஆனாலும் ஈடு வேண்டும் என்றே நான் சொல்வேன். ஈடு வைத்தவர் இன்னார் என்று ஒரு பட்டியல் இருந்தால், பட்டியலில் இல்லாதவர் இன்னார் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. ப்ளோரிடாவில் ஒரு குடும்ப ஸ்திரீ, "உங்கள் லைசென்ஸ் நம்பர் என்ன?" என்று கேட்டு, இலாகாவில் விசாரித்துக்கொள்ளலாம். நமக்குக் கேட்பதற்கு அப்படி ஒரு கேள்வி இல்லை.

இந்த யோசனை நமக்குப் புதிது என்றும் சொல்வதற்கில்லை. சீட்டுப் பிடிக்காத வீடு நம்மில் எத்தனை? 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துகிறவர் தொடங்குவதற்கு முன்னாலேயே சீட்டுத் தொகைக்குக் குறையாத ஈட்டைப் பதிவாளர் வசம் கட்டி வைக்கவேண்டும். ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டென்றால் ஐந்து லட்சத்துக்கு ஈடு. பதிவான சீட்டுக்கும், தெருவில் வாய் வார்த்தையில் பிடிக்கிற சீட்டுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். சீட்டுக்காரரிடம் கேட்பதை டெலிபோன்காரரிடம் ஏன் கேட்கக்கூடாது?

கேட்டுத்தான் பார்த்தார்கள். டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2010-ல் செய்த விதிகளில், விளம்பரப் பேச்சு பேசுகிற கம்பெனிகள் டெலிபோன் கம்பெனியிடம் முன்பணம் கட்டவேண்டும் என்று இருந்தது. வேண்டாம் என்று பதிவு செய்தவர்களைக் கூப்பிட்டால் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்: முதல் தடவை 25,000 ரூபாய், ஏறிக்கொண்டே போய் ஆறாவது தடவை 2,50,000, அதோடு கறுப்புப் பட்டியல். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடித்த பணத்தில் ஒரு காசும் தொந்தரவுக்கு ஆளான வீட்டுக்கு வந்து சேரவில்லை. மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு அபராதம் உண்டு. கெட்ட தூக்கத்தோடு பணமும் போயிருந்தால் அதற்கு அந்த முன்பணத்தில் இடம் இல்லை. 2018-ல் அவற்றுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்தன. 2025-ல் அவற்றை இன்னும் இறுக்கினார்கள். பதிவில்லாமல் தொந்தரவு செய்கிறவரின் டெலிபோன் லைனை முதலில் பதினைந்து நாளைக்கு அடைப்பதும், மறுபடி செய்தால் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பதும் இப்போது வழி. நல்ல காரியம்தான்; நானும் வரவேற்கிறேன். ஆனால் ஏமாந்தவள் கை நீட்டிக் கேட்கக்கூடிய ஒரு பெட்டி இந்த விதிகளில் எங்கும் இல்லை. டெலிபோனில் விற்கிற ஒவ்வொரு கம்பெனியும் வாங்குகிறவர் பெயரில் ஒரு தொகை கட்டட்டும். தொகை வியாபாரத்தின் அளவுக்கு ஏற்றபடி இருக்கட்டும். டெக்ஸாஸ் மாதிரி பொம்மைத் தொகையாக இருக்கவேண்டாம். மாதர் சங்கங்கள் மகஜர் அனுப்புவதற்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

அது வருகிற வரையில் கையில் இருப்பதை உபயோகித்துக்கொள்ளுவோம். விளம்பரப் பேச்சுக்கு 140 என்று தொடங்கும் எண்ணும், பாங்கு போன்றவை வாடிக்கைக்காரருக்குத் தகவல் சொல்ல 1600 என்று தொடங்கும் எண்ணும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "பாங்கு மானேஜர் பேசுகிறேன்" என்றால் வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள நம்பருக்கு நீங்களே பேசுங்கள். "உங்கள் பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது, இன்ஷூரன்ஸ் ஆணையத்திலிருந்து பேசுகிறோம்" என்பது சுத்தப் பொய். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை. தொந்தரவுப் பேச்சைப் பற்றி 1909-க்கு ஏழு நாளைக்குள் புகார் செய்யலாம். முன்கூட்டிப் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது இப்போது அவசியம் இல்லை.

சாமான் வாங்குவதென்றே தீர்மானித்தாலும், கம்பெனியின் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதென்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் விலாசம் இல்லாத எதிராளியின் மேல் எந்தக் கமிஷனும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. விலாசம் கேட்டவுடன் எத்தனை தேன் குரல்கள் கசந்து போகின்றன என்று பாருங்கள்!

பணம் போயே போய்விட்டதென்றால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து அதற்கடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு. அப்புறம் சில நாள் கழித்து இன்னொரு குரல் வரலாம். "அம்மா, உங்கள் பணம் போன விஷயம் எங்களுக்குத் தெரியும். மீட்டுத் தருகிறோம். அதற்கு ஒரு சிறு கட்டணம்" என்று அது ரொம்பப் பரிவாகப் பேசும். முன்னே சொன்னேனே, அந்த ஜாபிதாவிலிருந்து வருகிற குரல் அது. அமெரிக்க விதிகளில் இதற்கென்றே ஒரு ஷரத்து வைத்திருக்கிறார்கள்: மீட்ட பணம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்து ஏழு வேலை நாள் ஆகும் வரையில், மீட்டவர் கட்டணம் என்று ஒரு சென்ட்கூடக் கேட்கக்கூடாது. நீங்களும் அந்தக் குரலுக்கு இதே கெடுவைச் சொல்லிப் பாருங்கள்.